நியாயவாதி பிரிட்ஸ் பௌவர்

திருடனும் கொலைஞனும் சட்டத்தை மீறுகின்றார்களேயன்றிச் சட்டமே வேண்டாமென்று சொல்வதில்லை. ஆனால் வேறொரு கூட்டத்தார் உளர். அவர்கள் சட்டம் அளிக்கும் பேச்சுரிமையையும் கூட்டங்கூடும் உரிமையையும் வாக்குரிமையையும் குறைவற அநுபவித்துக்கொண்டே, அதிகாரம் கைக்கு வரும் நாளில் அச்சட்டத்தை வேரோடு களைந்துவிடக் காத்திருப்பவர்கள். இவர்களை நியாயஸ்தலம் எங்ஙனம் எதிர்கொள்வது? ஜெர்மனி தேசம் இவ்வினாவிற்கு ஒருமுறை தவறான விடையளித்தது. அதன் பலனை உலகமனைத்தும் அநுபவித்தது. அத்தேசத்திலேயே பிறந்து, அதனாலேயே துரத்தப்பட்டு, மீண்டும் அங்கேயே திரும்பி வந்து, அவ்வினாவிற்கு வேறு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பிரிட்ஸ் பௌவர் என்பவர். அவருடைய சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுகின்றோம். நம் கலாசாலை மாணவருள் சட்டம் பயிலக் கருதியிருப்போர் இதனைச் சற்று ஊன்றிப் படிப்பார்களென நம்புகின்றோம்.

பௌவர் 1903ஆம் வருஷம் ஜூலை மாதம் 16ஆந் தேதி ஸ்டட்கார்ட் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் துணி வியாபாரி. ஸ்டட்கார்ட்டில் எபர்ஹார்ட் லூத்விக் பெயரால் வழங்கும் பழமையான உயர்தரப் பாடசாலையிற் கல்வி பயின்று, பின்பு ஹைடல்பர்க், மியூனிக், டூபிங்கன் என்னும் ஊர்களிலுள்ள சர்வகலாசாலைகளில் சட்டம் கற்று, டாக்டர் பட்டமும் பெற்றார். அப்பாடசாலையிற் படித்த மற்றொரு மாணவன் பெயர் கிளாஸ் வான் ஸ்டாபன்பர்க். இப்பெயர் பின்னர் வரும். வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

பௌவர் மாணவராயிருந்த காலத்திலேதான் ஜெர்மன் நியாயஸ்தலங்களின் போக்கு நன்கு வெளிப்படலாயிற்று. 1923 நவம்பரில் ஹிட்லர் மியூனிக் நகரில் ஆயுதந் தாங்கிக் கலகஞ் செய்தான். போலீஸார் நால்வர் மாண்டனர். ராஜத்துரோகக் குற்றத்திற்கு 1924 ஏப்ரல் 1ஆந் தேதி அவனுக்குக் கிடைத்த தண்டனை ஐந்து வருஷக் கோட்டைக் காவல்; அக்குற்றத்திற்குச் சட்டம் அனுமதித்த மிகக் குறைந்த தண்டனை அதுவே. அக்காலத்தில் அவன் ஜெர்மன் பிரஜையல்லன், ஆஸ்திரியன். குடியரசுப் பாதுகாப்புச் சட்டப்படி அவனை நாடு கடத்தியிருக்கவேண்டும். அவன் ஜெர்மானிய உணர்ச்சி மிக்கவன் என்று காரணங் கூறி நீதிபதிகள் அவ்விதியைப் பிரயோகிக்க மறுத்தனர். டிசம்பர் 20ஆந் தேதி அவன் விடுதலையாகி வீடு சேர்ந்தான்.

இது தனியொரு நிகழ்ச்சியன்று. எமில் கும்பெல் என்னும் கணித அறிஞர் 1919 முதல் 1922 வரை ஜெர்மனியில் நிகழ்ந்த அரசியற் கொலைகளை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தார். தீவிர வலதுசாரிகள் செய்த கொலைகள் 354. அவற்றுள் 326 கொலைகளுக்குத் தண்டனையே இல்லை. இடதுசாரிகள் செய்தவை 22. அவற்றுள் தண்டனையின்றி விடுபட்டவை 4 மட்டுமே. சட்டப் புத்தகம் ஒன்றே; தராசு மாத்திரம் ஆளைப் பார்த்துச் சாய்ந்தது. சட்டம் போதவில்லை என்று பிற்காலத்திற் சொன்னவர்கள் பலர். சட்டம் இருந்தது, அதைக் கையிலெடுக்க மனம் இல்லாதவர்களே ஆசனத்தில் அமர்ந்திருந்தனர் என்பதே உண்மைக்கு நெருங்கியது.

இத்தகைய நியாயாதிபதிகளின் நடுவே பௌவரும் 1930இல் நியாயாதிபதியாய் அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு இருபத்தேழு வயது. சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அவர், குடியரசைக் காக்க எழுந்த தொண்டர் படையின் ஸ்டட்கார்ட் கிளைக்குத் தலைவராகவும் விளங்கினார். யூதர், கட்சிக்காரர், நியாயாதிபதி என்னும் மூன்றும் ஒருவரிடத்திற் சேர்ந்திருந்தமையால், 1931இல் நாஜிப் பத்திரிகை ஒன்று அவர்மேற் பாய்ந்து தூஷித்தது.

1933 ஜனவரியில் ஹிட்லர் அதிகாரத்தைக் கைப்பற்றினான். மார்ச் மாதத்திலேயே பௌவர் கைதியாகி, ஹாய்பர்க் என்னும் கான்சென்டிரேஷன் முகாமிற்கும் பின்பு உல்ம் நகரச் சிறைக்கும் கொண்டுபோகப்பட்டார். அதே முகாமில் அடைபட்டிருந்த அவர் நண்பர் குர்ட் ஷூமாக்கர் எவ்வகை உறுதிமொழியும் எழுதிக் கொடாமல் 1943 வரை ஏறத்தாழப் பத்து வருஷம் முகாம்களிற் கழித்தார். பௌவரோ எட்டு மாதத்தில் வெளிவந்தார். புதிய ஆட்சிக்கு விசுவாசங் கூறிக் கைதிகள் சிலர் கையெழுத்திட்ட கடிதமொன்று அந்நவம்பரில் பத்திரிகையில் வெளியாயிற்று. அதில் அவர் பெயரும் இருந்ததென்றே சரித்திர ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். நாம் இதனை மறைக்க விரும்பவில்லை. ஷூமாக்கரின் மனவுறுதியைப் பிற்காலத்தில் பௌவர் வாயாரப் புகழ்ந்து பேசும்போதெல்லாம் தம்மைக் குறித்து மௌனமாகவே இருந்தார். அவர் பின்னாளிற் காட்டிய தளராமைக்கு இந்த எட்டு மாதங்கள் எவ்வளவு காரணமென்பதை அவரே அறிவார்.

உத்தியோகம் போயிற்று. 1936இல் டென்மார்க்குக்குச் சென்று, துணி வியாபாரப் பிரதிநிதியாகவும் பத்திரிகைகளுக்கு எழுதுபவராகவும் காலங் கழித்தார். 1940இல் ஜெர்மன் சேனை அங்கும் வந்துவிட்டது; மறுபடியும் சிறை. 1943 அக்டோபரில் டென்மார்க் யூதரைப் பிடிக்க நாஜிகள் நாள் குறித்தபோது, டேனிஷ் ஜனங்கள் 7,000க்கு மேற்பட்ட யூதர்களைப் படகுகளில் ஏற்றிக் கடலுக்கு அப்பாலுள்ள ஸ்வீடனிற் கரை சேர்த்தார்கள் என்பது உலகறிந்த சரித்திரம். அவ்வாறு தப்பினவர்களுள் பௌவரும் அவர் பெற்றோரும் தங்கையும் இருந்தனர். ஸ்வீடனில் வில்லி பிராண்ட் என்னும் இளைஞரோடு கூடி ஒரு பத்திரிகை நடத்தினார். யுத்தம் முடியுமுன்னரே, யுத்தக் குற்றவாளிகளை நியாயஸ்தலத்தில் நிறுத்துவது எங்ஙனம் என்பதைப்பற்றி ஒரு நூலும் எழுதி 1944இல் வெளியிட்டார். வில்லி பிராண்ட் பின்னர் மேற்கு ஜெர்மனியின் பிரதம மந்திரியானார்.

1949இல் பௌவர் ஜெர்மனிக்குத் திரும்பினார். தம்மைத் துரத்திய தேசத்திற்கு ஒரு யூதர் ஏன் திரும்பவேண்டும் என்று நண்பர் பலர் வியந்தனர். அவர் வந்து சேர்ந்த இடம் பிரவுன்ஷ்வைக். முதலில் நியாயாதிபதியாயிருந்து, 1950இல் அவ்விடத்து ஜெனரல் பிராசிகியூட்டர், அதாவது சர்க்கார் தரப்பு வழக்குகளை நடத்தும் தலைமை அதிகாரி ஆனார். ஜெர்மன் முறையில் இவ்வுத்தியோகம் வெறும் வாதாடும் உத்தியோகமன்று. குற்றம் நிகழ்ந்ததெனத் தெரிந்தால் விசாரிக்கக் கட்டளையிடுவதும், போலீஸாரை ஏவுவதும், வழக்கைத் தொடுப்பதும் இதன் கடமை. ஆகவே இவ்வாசனத்தில் அமர்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டால் வழக்கே இல்லை. பௌவர் கண்ணை மூடவில்லை என்பதே அவர் சரித்திரத்தின் சாரம்.

இனி ரேமர் வழக்கிற்கு வருவோம். 1944ஆம் வருஷம் ஜூலை 20ஆந் தேதி ஸ்டாபன்பர்க் என்னும் சேனாதிகாரி ஹிட்லரைக் கொல்ல வெடிகுண்டு வைத்தார். ஹிட்லர் தப்பினான். பெர்லினில் அரசாங்கக் கட்டடங்களைச் சூழ்ந்துகொள்ளுமாறு அனுப்பப்பட்ட காவற்படைக்கு ஓட்டோ எர்ன்ஸ்ட் ரேமர் என்னும் மேஜர் தலைவன். கோயபல்ஸ் அவனை டெலிபோனில் ஹிட்லரோடு பேசச் செய்தான். அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்தில் ரேமர் திரும்பிக் கிளர்ச்சியை அடக்கத் துணைநின்றான். ஸ்டாபன்பர்க் அன்றிரவே சுடப்பட்டார். யுத்தத்திற்குப் பின் இந்த ரேமர் சோஷலிஸ்ட் ரைக் கட்சி என்னும் பெயரால் 1949இல் தோன்றிய புதிய நாஜிக் கட்சியின் முக்கியப் பிரசங்கியாய் ஊர் ஊராய்ச் சென்றான். 1951 மே மாதம் 3ஆந் தேதி பிரவுன்ஷ்வைக்கில் ஒரு கூட்டத்தில், ஜூலை 20 கூட்டத்தார் அந்நியரிடம் கூலி வாங்கிய தேசத்துரோகிகள் என்று பேசினான். மூன்று நாட்களுக்குப் பின் நடந்த லோயர் சாக்ஸனி மாகாணத் தேர்தலில் அவன் கட்சி நூற்றுக்குப் பதினொரு வாக்குகளும் 16 ஸ்தானங்களும் பெற்றது. நாஜி ஆட்சி ஒழிந்து ஆறே வருஷங்கள்!

உள்நாட்டு மந்திரியாயிருந்த ராபர்ட் லேர் தாமும் நாஜிகளை எதிர்த்த கூட்டத்தைச் சேர்ந்தவராதலின், தமக்கு அவதூறு நேர்ந்ததெனப் புகார் கொடுத்தார். அப்புகார் முதலிற் சென்ற பிராசிகியூட்டர் முன்பு நாஜிக் கட்சியிலிருந்தவர். வழக்குத் தொடுக்க இடமில்லை என்று தள்ளிவிடப் பார்த்தார். பௌவர் அதனைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். 1952 மார்ச் 7ஆந் தேதி விசாரணை ஆரம்பமாயிற்று.

சட்டப்படி வழக்கு மிகச் சிறியது. பிறரை அவதூறு பேசியதும் இறந்தோர் நினைவை இழிவுபடுத்தியதுமே குற்றங்கள். ஆனால் பௌவர் அச்சிறிய வாயில் வழியாகப் பெரிய வினாவொன்றைச் சபை நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்டாபன்பர்க்கும் அவர் தோழரும் துரோகிகளா, அல்லரா? அந்நாளில் ஜெர்மானியரில் மிகப் பலர் அவர்களைத் துரோகிகளென்றே எண்ணியிருந்தனர். சேனைவீரர் ஒவ்வொருவரும் ஹிட்லருடைய பெயர் சொல்லி அவனுக்கே பிரமாணஞ் செய்திருந்தனர். பிரமாணத்தை மீறியவன் துரோகியன்றோ என்பது சாமானியர் வாதம்.

பௌவர் இதற்குப் பல முனைகளிலிருந்து விடை கூறினார். சரித்திர ஆசிரியரை அழைத்து, 1944 ஜூலையிலேயே யுத்தம் தோல்வியில் முடிந்துவிட்டதென்பதை நிரூபித்தார். முடிந்த யுத்தத்தை நிறுத்த முயன்றவன் தேசத்திற்குத் தீங்கு செய்தவனாகான். கத்தோலிக்க, புராட்டஸ்டண்டு வேதசாஸ்திரிகளைச் சாட்சிக் கூண்டிலேற்றி, ஒரு மனிதனுக்கு எல்லையற்ற கீழ்ப்படிதலைப் பிரமாணஞ் செய்வது தர்மத்திற்கு விரோதமென்றும் அத்தகைய பிரமாணம் ஒருவனையும் கட்டாதென்றும் சொல்லச் செய்தார். ஒரு குற்ற வழக்கில் திருச்சபைப் போதகர்கள் பிரமாணத்தின் இலக்கணத்தை நியாயாதிபதிக்கு விளக்கி நின்ற காட்சி அபூர்வமானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த பழைய ஸாக்ஸன் சட்டநூலிலேயே, அரசன் அநீதி செய்தால் குடிகள் எதிர்த்து நிற்கலாமென்னும் விதி உள்ளதை எடுத்துக்காட்டினார். எல்லாவற்றினும் முக்கியமான வாதம் ஒன்றுண்டு. ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோரைக் கொலை செய்துகொண்டிருந்த ஓர் அரசாங்கம் சட்டத்தின் மேல் நிற்கும் அரசாங்கமன்று, அநீதியே உருவானது, அதற்குத் துரோகம் என்பதொன்று கிடையாது என்பதே அது. தம் வாதத்தினிடையே அவர் ஸ்டாபன்பர்க் படித்த பாடசாலையையும் குறிப்பிட்டார். அது தாம் படித்த பாடசாலை அன்றோ.

விசாரணை நடத்திய நீதிபதி ஸ்டாலின்கிராட்டிற் போரிட்டு ருஷியரிடம் கைதியாயிருந்து மீண்டவர். மார்ச் 15ஆந் தேதி தீர்ப்பாயிற்று. ரேமருக்கு மூன்று மாதச் சிறை. தண்டனை அற்பம், பௌவரும் அதைப்பற்றிக் கவலைப்பட்டதில்லை. ஆனால் நாஜி ஆட்சி சட்டமில்லா ஆட்சி என்பதும், அதை எதிர்த்தவர்கள் தேசப்பற்றினாற் செய்தார்களேயன்றித் துரோகத்தாற் செய்யவில்லை என்பதும் ஒரு ஜெர்மன் நியாயஸ்தலத்தின் தீர்ப்பில் எழுதப்பட்டன. கணவரைத் தூக்குமரத்திற்குப் பறிகொடுத்து, துரோகியின் மனைவியரென்று ஏசப்பட்டுவந்த விதவையர் பலர் இருந்தனர். அவர்களுக்கு இத்தீர்ப்பு என்ன பொருளுடையதாயிருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். ரேமர் சிறை புகாமல் எகிப்து தேசத்திற்கு ஓடிவிட்டான்.

அவ்வருஷம் அக்டோபர் 23ஆந் தேதி, அரசியற் சட்டத்தின் 21ஆவது பிரிவைக்கொண்டு அரசியல் நியாயஸ்தலம் அக்கட்சியையே தடை செய்தது. அதன் பிரதிநிதிகள் ஸ்தானமிழந்தனர். மேற்கு ஜெர்மனியில் ஒரு கட்சி தடைசெய்யப்பட்டது அதுவே முதல் முறை. ஜனநாயகத்தின் பகைவர்க்கு ஜனநாயகம் தன் வாயிலைத் தானே திறந்து வைக்கவேண்டுவதில்லை என்பது அச்சட்டத்தை வகுத்தோர் கொள்கை. ஆயினும் அந்த வாள் ஒரு பக்கம் மாத்திரம் வெட்டும் வாளன்று. 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியும் அதே பிரிவினால் தடையுண்டது. கட்சியைத் தடுத்தால் கொள்கை மறைந்து போகுமென்றும் சொல்லுதற்கில்லை. 2017இல் அதே நியாயஸ்தலம் மற்றொரு தீவிர வலதுசாரிக் கட்சியின் நோக்கம் அரசியற் சட்டத்திற்கு விரோதமானதெனக் கண்டும், அந்நோக்கத்தை நிறைவேற்றும் வலிமை அதற்கில்லை என்று தடைசெய்ய மறுத்தது. ரேமரோ வெகுகாலம் வாழ்ந்து, யூதர் கொலையே நடக்கவில்லையென்று எழுதி, 1992இல் மீண்டும் தண்டனையடைந்து, இம்முறை ஸ்பெயினுக்கு ஓடி, 1997இல் அங்கே மாண்டான். தடையினால் அடைந்த பயன் பெரிதோ, அந்த எட்டுநாள் விசாரணையினால் அடைந்த பயன் பெரிதோ என்று கேட்டால், நாம் விசாரணையையே சொல்வோம். தடை கட்சிக்காரர் வாயை அடைத்தது. விசாரணை ஊராரைச் சிந்திக்க வைத்தது.

1956இல் பௌவர் ஹெஸ்ஸன் மாகாணத்திற்கு ஜெனரல் பிராசிகியூட்டராகிப் பிராங்பர்ட் வந்தார். மனிதனுடைய மாண்பு தீண்டற்கரியது என்னும் கருத்துடைய அரசியற் சட்டத்தின் முதல் வாக்கியத்தை நியாயஸ்தலக் கட்டடத்தின்மேற் பொறிக்கச் செய்தார். கட்டடத்தினுள் இருந்தோர் நிலையோ வேறு. ஹிட்லர் காலத்தில் மரண தண்டனை விதித்த நீதிபதிகள் பலர் அப்படியே ஆசனங்களில் வீற்றிருந்தனர். ஹிட்லருடைய ஜனநீதிமன்றம் என்னும் கொலைக்களத்தில் அமர்ந்த நியாயாதிபதிகளுள் ஒருவரேனும் மேற்கு ஜெர்மன் நியாயஸ்தலத்தால் முடிவாகத் தண்டிக்கப்பட்டதில்லை. தம் அலுவலக அறையை விட்டு வெளியே வந்தால் பகைவர் நாட்டிற் கால் வைப்பதாகவே தமக்குத் தோன்றுகிறது என்று பௌவர் நண்பரிடஞ் சொன்னதாக வழங்குகிறது. பயமுறுத்தும் கடிதங்கள் அவருக்கு வருவது சாதாரணம்.

அந்நிலைமையின் ஆழத்தை ஐக்மன் விஷயம் ஒன்றே காட்டும். ஐரோப்பிய யூதரை ரயில் ரயிலாய்க் கொலைக்களத்திற்கு அனுப்பும் ஏற்பாட்டை நடத்திய அடால்ப் ஐக்மன் அர்ஜென்டினா தேசத்தில் ஒளிந்திருப்பதாக 1957இல் லோதர் ஹெர்மன் என்பவர் பௌவருக்கு எழுதினார். இவர் முன்பு டக்காவ் முகாமிற் கிடந்து மீண்டவர்; அர்ஜென்டினாவில் தம் மகளோடு பழகிய வாலிபன் ஐக்மனுடைய குமாரனென்று கண்டுகொண்டவர். பௌவர் இச்செய்தியைத் தம் சொந்தப் போலீஸாரிடம் ஒப்புவிக்கவில்லை. ஒப்புவித்திருந்தால் ஐக்மனுக்கு எச்சரிக்கை போய்விடுமென்று அஞ்சினார். மாகாண முதல்மந்திரி ஸின் ஒருவருக்கு மாத்திரம் அறிவித்துவிட்டு, இஸ்ரேல் தேசத்தின் பிரதிநிதியிடம் இரகசியமாய்த் தெரிவித்தார். இஸ்ரேலின் உளவாளிகள் முதலில் நம்பவில்லை. 1959 டிசம்பரில் பௌவர் நேரே இஸ்ரேலுக்குச் சென்று, வேறு வழியாகத் தமக்குக் கிடைத்த சான்றுகளையும் காட்டி வற்புறுத்தினார். 1960 மே 11ஆந் தேதி ஐக்மன் பிடிபட்டான். ஜெருசலேமில் விசாரிக்கப்பட்டு 1962இல் தூக்கிலிடப்பட்டான். சட்டத்தைக் காக்கும் ஓர் உயர்ந்த அதிகாரி தன் சர்க்காருக்குத் தெரியாமல் அந்நிய சர்க்காருக்குத் துப்புக் கொடுப்பது முறையா என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானதே. அவரும் அதை அறிந்திருந்தார். ஆகையினாலேதான் உயிரோடிருந்தவரை அவர் இதனை வெளியிடவில்லை. இறந்தபின்னரே உலகம் அறிந்தது.

1959 ஜனவரியில் ஒரு பத்திரிகை நிருபர் ஓரங்கள் கருகிய சில தாள்களைப் பௌவருக்கு அனுப்பினார். முகாமிலிருந்து தப்பிய ஒருவர் அவற்றை யுத்த முடிவில் எடுத்து வைத்திருந்தார். ஆஷ்விட்ஸ் முகாமில் ஓட முயன்றபோது சுடப்பட்ட கைதிகளென்று பெயர்கள் அவற்றிற் காணப்பட்டன. சுட்டவர்களின் பெயர்களுங் காணப்பட்டன. பௌவர் அத்தாள்களைப் பிடியாக வைத்து, ஆஷ்விட்ஸ் குற்றங்களனைத்தையும் ஒரே இடத்தில் விசாரிக்கும் அதிகாரத்தை உயர் நியாயஸ்தலத்திடமிருந்து பிராங்பர்ட்டிற்குப் பெற்றார். நான்கு வருஷ ஆயத்தத்திற்குப் பின் 1963 டிசம்பர் 20ஆந் தேதி நகர மண்டபத்தில் 22 பேர்மீது விசாரணை தொடங்கியது. கடைசி முகாம் தலைவன் ரிச்சர்ட் பேர் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே காவலில் இறந்துபோனான்.

குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்கள் யாவர்? முகாம் தலைவனின் உதவியாளனாயிருந்த முல்கா ஹாம்பர்க்கில் ஏற்றுமதி வியாபாரி. கப்பேஸியுஸ் மருந்துக்கடை நடத்தினான். முகாமில் அவன் மருந்து அதிகாரி. கடூக் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரித்துவந்தான். இவர்கள் எல்லாரும் அயலாரோடு கலந்து, வரி செலுத்தி, மரியாதையாய் வாழ்ந்துவந்தவர்கள். பௌவர் தாம் நியாயஸ்தலத்தில் எழுந்து வாதாடவில்லை. நாஜி ஆட்சியில் உத்தியோகம் வகித்திராத இளைய பிராசிகியூட்டர்களைத் தேர்ந்து அவர்களையே முன்னிறுத்தினார். சரித்திர நிபுணரை அழைத்து நாஜி அரசின் அமைப்பையே விளக்கச் செய்தார். பத்தொன்பது தேசங்களிலிருந்து ஏறக்குறைய 360 சாட்சிகள் வந்தனர். அவருள் இருநூற்றுக்கு மேற்பட்டவர் ஆஷ்விட்ஸில் உயிர் பிழைத்தவர்கள். தங்களை வதைத்தவர்களின் பாஷை பேசும் ஊருக்கு மீண்டும் வந்து, தங்களை வதைத்தவர்களுக்கு எதிரே நின்று, தேதியென்ன, மணியென்ன, கையில் இருந்தது தடியா துப்பாக்கியா என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் துருவித் துருவிக் கேட்கும் கேள்விகளுக்கு விடைகூறுவது அவர்களுக்கு எளிதாயிருக்கவில்லை. நாஜிகளாற் கொல்லப்பட்ட கிளாஸ் போன்ஹாபரின் விதவை எம்மி போன்ஹாபர் என்னும் மாதரசியும் அவர் தோழியரும் இச்சாட்சிகளை உபசரித்து உடனிருந்து துணைசெய்தனர். 1964 டிசம்பரில் நியாயஸ்தலத்தார் போலந்து தேசம் சென்று முகாமையே நேரிற் பார்வையிட்டனர். ஏறத்தாழ 20,000 ஜனங்கள், பள்ளி மாணவர் பலர் உட்பட, விசாரணையைக் காண வந்தனர்.

பௌவர் சட்டத்தில் ஒரு கருத்தை நிலைநாட்ட விரும்பினார். ஆஷ்விட்ஸ் என்பது ஆயிரமாயிரம் தனிக் கொலைகளன்று, ஒரே கொலை. அதன் பொருட்டு அமைந்த பெரிய யந்திரத்தில் எவன் எந்தப் பல்லைச் சுழற்றினாலும், அது என்ன வேலையென்று அறிந்து சுழற்றினானாயின், அவனும் அக்கொலைக்கு உடந்தையே. நீதிபதி ஹோப்மையர் இதனை ஏற்கவில்லை. இன்னார் இன்ன நாளில் இன்னாரைக் கொன்றதற்குச் சாட்சி எங்கே என்று தனித்தனியே கேட்டார். 1965 ஆகஸ்டில் 183 நாள் விசாரணை முடிந்தது. எஞ்சியிருந்த இருபதின்மருள் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை; பதினொருவருக்கு வேறு தண்டனைகள்; மூவர் விடுதலை. தன் கையால் அடித்துக் கொன்றவன் கொலைஞன் ஆனான். ஆயிரம் பேரைக் கொலையறைக்கு அனுப்பும் ஏற்பாடு செய்தவனோ வெறும் உடந்தையென்று சில வருஷச் சிறை பெற்றான். இத்தீர்ப்பு பௌவருக்கு மிகுந்த மனவருத்தம் தந்தது. கொடுமைக்காரர் சிலர் செய்த குற்றமாக அது காட்சியளிக்கும், மற்றவரெல்லாம் தமக்குச் சம்பந்தமில்லையென்று நிம்மதியடைவர் என்பது அவர் அச்சம். உள்ளபடியே அவ்வாறுதான் நிகழ்ந்தது.

அவர் கை வைத்த வழக்குகளெல்லாம் வெற்றியடையவில்லை. சித்தசுவாதீனமற்றோரைக் கொன்ற திட்டத்தின் தலைமை வைத்தியன் ஹைடே என்பவன் விசாரணைக்கு ஐந்து நாள் முன்னர்த் தற்கொலை செய்துகொண்டான். 1941இல் அத்திட்டத்தைக் கேட்டும் வாய்திறவாதிருந்த உயர்தர நியாயாதிபதிகள்மேல் 1965இல் பௌவர் தொடங்கிய விசாரணை, அவர் இறந்தபின் சந்தடியின்றிக் கைவிடப்பட்டது. நாஜிக் கொள்கையின் வேர்களைப்பற்றி அவர் இளைஞர்களுக்காகச் செய்த பிரசங்கமொன்று சிறு புத்தகமாக வந்தபோது, ஒரு மாகாணத்துக் கல்வி அதிகாரிகள் அதைப் பள்ளிகளில் வழங்க மறுத்தனர். ஆயினும் மாணவர் கூட்டமென்றால் அவர் மறுக்காமற் போவார். சிகரெட்டின்மேற் சிகரெட்டாய்ப் பற்றவைத்துக்கொண்டு இரவு நெடுநேரம் அவர்களோடு வாதாடுவார். சிறைக்கைதிகளை மனிதராய் நடத்தவேண்டுமென்பதற்கும் அவர் அதே ஊக்கத்தோடு உழைத்தார். பழிவாங்குவதில் அவருக்கு விருப்பமில்லை என்பதற்கு அதுவே போதிய சான்று.

1968 ஜூன் மாதத்தில் ஜெர்மன் அரசியற் சட்டத்தின் 20ஆவது பிரிவில் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. அரசியல் முறையையே அழிக்க முற்படுவோரை, வேறு வழியில்லாதபோது, எதிர்த்து நிற்கும் உரிமை ஜெர்மானியர் எல்லாருக்கும் உண்டு என்பது அதன் கருத்து. ரேமர் வழக்கில் பௌவர் பழைய ஸாக்ஸன் நூலிலிருந்து தேடியெடுத்த உரிமை சட்டமாகிவிட்டது. அது அமலுக்கு வந்தது ஜூன் 28ஆந் தேதி. ஜூலை 1ஆந் தேதி பௌவர் பிராங்பர்ட்டிலுள்ள தம் வீட்டுக் குளியலறையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். வயது அறுபத்துநான்கு. அவருடைய சாம்பல் ஸ்வீடன் தேசத்துக் கோத்தன்பர்க் நகரில் பெற்றோர் கல்லறையில் வைக்கப்பட்டது.

அவ்வருஷமே மே மாதத்தில் ஜெர்மன் பாராளுமன்றம் வேறொரு சிறிய சட்டத்தையும் நிறைவேற்றியிருந்தது. பெயரைப் பார்த்தால் சில்லறைக் குற்றங்களைப்பற்றியது. அதிலிருந்த ஒரு வாக்கியத்தின் விளைவை அங்கத்தினர் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதன்படி, தனக்கென்று இழிந்த நோக்கமின்றிக் கொலைக்கு உடந்தையாயிருந்தவனுக்குத் தண்டனை குறைந்தது. தண்டனை குறையவே வழக்குத் தொடுக்கும் காலவரம்பும் குறைந்தது. அவ்வாறு குறைந்த வரம்பு 1960 மே மாதத்தோடு முன்னமே கழிந்துபோயிற்று! மேஜைக்கு முன்னமர்ந்து கையெழுத்திட்டுக் கொலைசெய்வித்த பலர் இதனால் விசாரணையின்றித் தப்பினர். அச்சட்டத்தை வகுக்கும் வேலையை மேற்பார்த்த அதிகாரி நாஜிக் காலத்தில் விசேஷ நியாயஸ்தலத்தில் பிராசிகியூட்டராயிருந்தவர். 1969 பிப்ரவரியில் உயர் நியாயஸ்தலமும் பௌவருடைய ஒரே கொலை என்னும் வாதத்தை நிராகரித்தது. கொலைக் குற்றத்திற்குக் காலவரம்பே இல்லையென்று பாராளுமன்றம் 1979இல் விதித்தும், அந்த வாதம் இல்லாமல் பழைய காவலாளர்மேல் வழக்கு நிற்கவில்லை.

நாற்பது வருஷங்களுக்கு மேற் சென்றன. 2011இல் மியூனிக் நியாயஸ்தலம், ஸோபிபோர் முகாமிற் காவலிருந்த தெம்யான்யுக் என்பவன் தன் கையால் ஒருவனைக் கொன்றான் என்னும் சாட்சியில்லாமலே, அக்கொலைக்களத்திற் சேவித்தான் என்பதொன்றுகொண்டே, 28,000க்கு மேற்பட்டோர் கொலைக்கு அவனை உடந்தையெனத் தீர்த்து ஐந்து வருஷ தண்டனை விதித்தது. அத்தீர்ப்பு அப்பீல் முடியுமுன் அவன் இறந்தமையால் உறுதிப்படவில்லை. 2015இல் ஆஷ்விட்ஸில் கைதிகளிடமிருந்து பறித்த பணத்தை எண்ணிக் கணக்கெழுதிய ஆஸ்கர் குரோனிங் அதே நியாயத்தால் நான்கு வருஷ தண்டனை பெற்றான். 2016 செப்டம்பரில் உயர் நியாயஸ்தலம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. குரோனிங் தண்டனை தொடங்குமுன்னரே 2018 மார்ச்சில் தொண்ணூற்றாறாவது வயதில் இறந்தான்.